ஃபேஸ் மாத்தட்டுங்களா?

தபித்தாள்: ...கதவத் திறக்கறியா, இல்ல நான் ஜன்னல் வழியா வரட்டுமா?

மனுவேல்: திறந்துதான் இருக்கு அம்மிணி. தோள் குடுத்துத் தள்ளு. மழையில ஊறிப் பிடிச்சுக்குது.

தபித்தாள்: ஊறின கதவு. ஊறின தரை. ஊறின பலகை. நடுவுல எங்கண்ணன், ரெண்டாயிரம் வோல்ட்டோட. ஏண்ணா, கேத்தி முழுக்கத் தேடியும் இத விட ஈரமான எடம் கெடைக்கலையா? கெணத்துக்குள்ள எறங்கி உக்காந்து செஞ்சிருக்கலாமே.

மனுவேல்: வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டா. கோயமுத்தூர்ல டீச்சரம்மாவுக்கு லீவு குடுத்துட்டாங்களா?

தபித்தாள்: அண்ணன உசுரோட ஒரு தடவ பாத்துட்டு வரேன்னு சொன்னேன். உடனே குடுத்துட்டாங்க.

மனுவேல்: நல்ல வார்த்தையே வராதே உன் வாயில... உள்ள வா, பயப்படாத. கரண்டு இல்ல. இப்பத்தான் போச்சு.

தபித்தாள்: ஓ... போயிருச்சா?

மனுவேல்: அடிக்கற காத்துக்கு எங்கயாவது கம்பி மேல மரம் சாஞ்சிருக்கும். அதுவும் நல்லதாப் போச்சு. இந்தப் பலகையில பாதி ஓடி அப்படியே நின்னுருச்சு பாரு. கிளிப்பக் கழட்டி, கரியச் சொரண்டி, எடம் மாத்தி மாட்டணும்.

தபித்தாள்: தொடாத.

மனுவேல்: கரண்டு இல்லைங்கறேன்...

தபித்தாள்: பிளக்கு?

மனுவேல்: பிளக்கு என்ன?

தபித்தாள்: மாட்டியிருக்கா, பிடுங்கியிருக்கா?

மனுவேல்: மாட்டித்தான் இருக்கு. கரண்டே இல்லாதப்ப பிளக்கு மாட்டியிருந்தா என்ன, மாட்டாட்டி என்ன? அதுக்குன்னு அந்த உர மூட்டையெல்லாம் நகத்திட்டுப் போயிப் பிடுங்கச் சொல்றியா?

தபித்தாள்: அடேங்கப்பா. பிளக்குப் பாயிண்ட்ட உர மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்கியா! அவசரத்துக்குப் பிடுங்கணும்னா மொதல்ல மூட்டை தூக்கணும். யாரு தூக்குவாங்க? நீ அப்ப தரையில கெடப்பியே.

மனுவேல்: எடம் இல்ல தபி. அப்பா கேரட் கழுவறதுக்குன்னு கட்டின ஷெட்டு. இதுக்குள்ளதான் எல்லாம்.

தபித்தாள்: பேசிட்டே கைய அங்கயே கொண்டு போறான் பாரு! தள்ளி உக்காரு. அந்த ஸ்டூல்ல. ம். இப்ப சொல்லு. இது என்ன?

மனுவேல்: தெரியாத மாதிரி கேக்கற.

தபித்தாள்: நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனோன்னு ஒரு ஆசை. சொல்லு.

மனுவேல்: மைக்ரோவேவ் அடுப்போட டிரான்ஸ்ஃபார்மர். பழைய அடுப்பு. பலகையில தண்ணியத் தடவி, ரெண்டு பக்கம் கிளிப்பு மாட்டி விட்டா, கரண்டு மரத்தக் கருக்கிட்டே ஓடும். மின்னல் மாதிரி கோடு விழும். எல்லாம் எஸ்டேட்டுல வெட்டிப் போட்ட சில்வர் ஓக் பலகை.

தபித்தாள்: ஆக, காயலாங்கடை அடுப்ப ஒடச்சு, அதுல மனுசனக் கொல்ற பாகம் எதுவோ அத மட்டும் பத்திரமா எடுத்துக்கிட்ட.

மனுவேல்: எத்தன பேரு செய்யறாங்க தெரியுமா? வீடியோ பாத்துத்தான் கத்துக்கிட்டேன். வெள்ளக்காரன் ஒருத்தன், அரைமணி நேரத்துல ஒரு டேபிளே செஞ்சு முடிச்சுட்டான்.

தபித்தாள்: நல்ல ஆளு. அதுக்கப்புறம் என்ன வீடியோ போட்டான்?

மனுவேல்: அதுக்கப்புறம்...

தபித்தாள்: ம்?

மனுவேல்: போடல.

தபித்தாள்: ரொம்ப நாளாவா?

மனுவேல்: ரெண்டு மூணு வருசமா... பிஸியா இருப்பான்.

தபித்தாள்: இருப்பான் இருப்பான். பரலோகத்துல டேபிளுக்கு ரொம்பத் தட்டுப்பாடாம்.

மனுவேல்: ஏய்! வாயக் கழுவு.

தபித்தாள்: நீ கையக் காட்டு மொதல்ல. அது அப்புறம். என்ன பாதுகாப்பு வெச்சிருக்க, அதச் சொல்லு. கேக்கறேன்.

மனுவேல்: அதெல்லாம் இல்லாமயா? இதோ கிளவுஸ்.

தபித்தாள்: கேரட் கழுவற கிளவுஸ்.

மனுவேல்: ரப்பர்தான?

தபித்தாள்: ரெண்டாயிரம் வோல்ட்டுக்கு இது வெங்காயத் தோலு. அதுலயும் கட்ட வெரலுக்கிட்ட ஓட்டை. அடுத்து?

மனுவேல்: காலுல எஸ்டேட் பூட்ஸ். முழங்கால் வரைக்கும்.

தபித்தாள்: அட்டை கடிக்காம இருக்க நல்லாத்தான் இருக்கும். ரெண்டு கையும் பலகையில இருந்தா கரண்டு இந்தக் கையில ஏறி நெஞ்சு வழியா அந்தக் கையில எறங்கிரும். அதுக்கும் உன் காலுக்கும் சம்பந்தமே இல்ல. பூட்ஸ் மட்டும் நல்லா இருக்கும். அண்ணிகிட்டத் திருப்பிக் குடுக்கலாம். அடுத்து?

மனுவேல்: ஊட்டு மெயின்ல டிரிப்பர் இருக்கு. ஷாக் அடிச்சா தட்டுனு விழுந்துரும். இதுக்கு என்ன சொல்ற? ஆங்?

தபித்தாள்: விழாது.

மனுவேல்: ஏன் விழாது? கடைக்காரன் சொல்லித்தான் குடுத்தான்.

தபித்தாள்: மிக்சி, ஹீட்டர்ல ஒழுகினா விழும். டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம் நடக்கறது அதுக்குத் தெரியவே தெரியாது. நீ இங்க கருகிட்டு இருந்தா, ஷெட்டுல யாரோ ஒரு பல்பு போட்டிருக்காங்கன்னு அது நெனச்சுக்கும். அவ்வளவுதான்.

மனுவேல்: ...அப்படியா?

தபித்தாள்: அப்படித்தான். இந்த ஊட்டுல மொதமொத டிகிரி வாங்கினவ சொல்றேன். ராத்திரி ஷிப்ட் பாத்துப் படிக்க வெச்சியே, அந்தப் படிப்பு.

மனுவேல்: அதான் எங்கிட்டயே காட்டற.

தபித்தாள்: வேற யார்கிட்டக் காட்ட? ஊட்டி பெர்ன்ஹில் அரமனைக்குப் போயிக் காட்டவா? ஏண்ணா, உன்னைய எனக்குப் புரியவே இல்ல. நீ வேல செய்யறது வெடிமருந்து ஃபேக்டரியில. கேட்டுல தீப்பெட்டி குடுத்துட்டுத்தான் உள்ள போற. பாதுகாப்பு வாரத்துல சுலோகம் எழுதிப் பிரஷர் குக்கர் வேற வாங்கின. என்ன சுலோகம் அது?

மனுவேல்: விடு தபி.

தபித்தாள்: சொல்லேன்.

மனுவேல்: "கவனமாய் வேலை செய், கண்ணுக்குள் குடும்பம் வை."

தபித்தாள்: கைதட்டல். அங்க ஒரு மெஷினத் தொடணும்னா என்ன பண்ணுவ?

மனுவேல்: சுவிட்ச ஆஃப் பண்ணி, பூட்டுப் போட்டு, அட்டை தொங்க விட்டு, சாவிய நான்தான் வெச்சுக்கணும். வேற எவனும் போட்ரக்கூடாதில்ல.

தபித்தாள்: அங்க பூட்டு. இங்க உர மூட்டை.

மனுவேல்: அங்க சூப்பர்வைசர் திட்டுவான்.

தபித்தாள்: ஓ! இங்க திட்ட ஆளில்லைன்னுதான் பிரச்சினையா? மொதல்லயே சொல்லியிருந்தா மாசாமாசம் வந்து திட்டியிருப்பனே.

மனுவேல்: சிரிக்காத. ஒண்ணு சொல்றேன், கேலி பண்ணாமக் கேப்பியா?

தபித்தாள்: முயற்சி பண்றேன்.

மனுவேல்: அந்த மூலையில சாத்தியிருக்கு பாரு, அந்தப் பலகையத் திருப்பு. அது மொதல்ல செஞ்சது.

தபித்தாள்: ...ம்.

மனுவேல்: எப்படி?

தபித்தாள்: ...அழகா இருக்கு.

மனுவேல்: நெசமாவா?

தபித்தாள்: நெசமாத்தான். மலையில இருந்து பாத்தா பள்ளத்துல ஓடை பிரிஞ்சு பிரிஞ்சு போகுமே, அந்த மாதிரி.

மனுவேல்: அதான்! அதேதான்! ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது தபி. நான் பத்தாவது பெயிலு. பொம்ம வரையச் சொன்னா நாய்க்கும் மாட்டுக்கும் ஒரே மூஞ்சி வரும். இந்தக் கையில அழகா ஒண்ணு வந்தது வாழ்க்கையில இதுதான் மொதத் தடவ. சர்ச்சுப் பண்டிகையில வெச்சப்ப பாதிரி ஐயரே நின்னு பாத்தாரு. பெர்ன்ஹில் டக்ளஸ் சாரு அவரு ஹோம்ஸ்டேக்குப் பேர்ப்பலகை கேட்டிருக்காரு. "ஆர்ட்டிஸ்ட் மனுவேல்"னு மத்தவங்ககிட்டச் சொல்றாரு. ஆர்ட்டிஸ்ட்!

தபித்தாள்: அண்ணா... அழகாத்தான் இருக்கு. எனக்குப் பயமே அதுதான். அசிங்கமா இருந்தா நீயே விட்டிருப்ப.

மனுவேல்: விட முடியாது.

தபித்தாள்: உளி எடு. சூட்டுக்கோல் வெச்சு மரத்துல சூடு போட்டு வரையறாங்க, அதக் கத்துக்க. இந்தக் கோடு எப்படி ஓடுதுன்னு உன் கண்ணுக்குத் தெரியுதில்ல, அதக் கையால கொண்டு வா.

மனுவேல்: அது வேற. இது தானா ஓடும். அதான் இதுல இருக்கற...

தபித்தாள்: தானா ஓடும். ஆமா. பலகையில ஓடற மாதிரியே உன் மேலயும் தானா ஓடும். சரி, கையக் காட்டு இப்ப.

மனுவேல்: எதுக்கு?

தபித்தாள்: அந்தக் கட்டு எதுக்கு?

மனுவேல்: போன மாசம் படிக்கட்டுல பாசி வழுக்கி விழுந்துட்டேன். லோயிஸ் போன்ல சொன்னாளே?

தபித்தாள்: சொன்னாங்க. ஆஸ்பத்திரியில என்ன சொன்ன?

மனுவேல்: ஆஸ்பத்திரியில... சுடுதண்ணி கொட்டிருச்சுன்னு.

தபித்தாள்: படிக்கட்டுல சுடுதண்ணியா?

மனுவேல்: அது... கையில தூக்கிட்டு எறங்கறப்ப...

தபித்தாள்: சுடுதண்ணியத் தூக்கிட்டுப் பாசி பிடிச்ச படியில எறங்கி, வழுக்கி, உள்ளங்கையில மட்டும் வட்டமாக் கருகுற மாதிரி விழுந்திருக்க. சர்க்கஸ்ல சேந்துரு. கட்டப் பிரி.

மனுவேல்: தபி, விடேன்...

லோயிஸ்: ஏனுங்க! ஏனுங்க! அங்கயா இருக்கீங்க?

மனுவேல்: இங்கதான் லோயிஸ்! ஷெட்டுல! தபி வந்திருக்கா!

லோயிஸ்: கரண்டு போயிருச்சுங்களே. கிரைண்டர்ல மாவு பாதியில நிக்குது. ஃபேஸ் மாத்தட்டுங்களா?

மனுவேல்: வேண்டாம்! வேண்டாம் லோயிஸ்! தொடாத! அது பக்கத்துலயே போகாத!

லோயிஸ்: ஏனுங்க, எதுக்கு இப்படிக் கத்தறீங்க?

மனுவேல்: ஒண்ணுமில்ல... வோல்டேஜ் ஏறி எறங்குது. கிரைண்டர் போயிரும். அதுக்குத்தான். தானா வரட்டும்!

லோயிஸ்: அவ்வளவுதானுங்களா?

மனுவேல்: அவ்வளவுதான்!

லோயிஸ்: ...சரிங்க.

தபித்தாள்: அண்ணா.

மனுவேல்: ம்.

தபித்தாள்: உனக்கு ஏன் இப்படி வேர்க்குது? கேத்தி குளிர்ல?

மனுவேல்: ஒண்ணுமில்ல.

தபித்தாள்: கிரைண்டருக்காக வேர்க்கற மொத ஆம்பள நீதான். சொல்லு.

மனுவேல்: மெதுவாப் பேசு. கேட்ரப் போகுது.

தபித்தாள்: சரி, மெதுவா. சொல்லு.

மனுவேல்: நம்ம ஊட்டுக்கு த்ரீ ஃபேஸ் லைனு. தெரியுமில்ல? அப்பா கேரட் மெஷினுக்கு வாங்கினது. ஊருக்குள்ள கரண்டு போனா பாதி நேரம் ஒரு ஃபேஸ்தான் போயிருக்கும். உள்ளாற இருக்கற குமிழத் திருப்பினா அடுத்த ஃபேஸ்ல இருந்து கரண்டு வந்துரும்.

தபித்தாள்: எனக்கே சொல்லிக் குடு. அந்தக் குமிழத் திருப்பித் திருப்பித்தான நான் பரீட்சைக்குப் படிச்சேன்.

மனுவேல்: அன்னைக்கும் இதே மாதிரி கரண்டு போச்சு. நானும் இதே மாதிரி, கரண்டுதான் இல்லையேன்னு... கிளிப்ப ஒரு கையில பிடிச்சுட்டு, பலகைய இன்னொரு கையில எடுத்தேன்.

தபித்தாள்: பிளக்கப் பிடுங்காம.

மனுவேல்: பிடுங்காம.

தபித்தாள்: அண்ணி உள்ள இருந்து...

மனுவேல்: அவளுக்குத் தெரியாது தபி. மிக்சி போடறதுக்குத் திருப்பியிருக்கா. நான் இங்க இருந்து அந்தச் சுவத்துல போயி விழுந்தேன். கிளிப்பு அதுவாத் தெறிச்சுருச்சு. தெறிக்காட்டி... கொஞ்ச நேரம் மூச்சே வரல. நெஞ்சு என்னமோ மாதிரி படபடன்னு... அவ ஓடி வந்தா. வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன்.

தபித்தாள்: ஷெட்டுக்குள்ள ஏது படிக்கட்டு?

மனுவேல்: வெளிய விழுந்து எந்திரிச்சு உள்ள வந்தேன்னு சொன்னேன். நம்பிட்டா.

தபித்தாள்: ஏன் மறைச்ச?

மனுவேல்: அவ கையாலதான் நடந்துச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்குவாளா? புழுவ நசுக்கினாலே அன்னைக்குப் பூராச் சோறு திங்க மாட்டா. நீயும் சொல்லிராத. சத்தியமா சொல்லிராத.

தபித்தாள்: பாசந்தான்.

மனுவேல்: கிண்டலா?

தபித்தாள்: இல்ல, கோவம். அன்னைக்கு நீ செத்திருந்தா என்ன ஆயிருக்கும்? அவங்க வாழ்க்கை பூரா மிக்சி போடப் போயி புருசனக் கொன்னவங்களா இருந்திருப்பாங்க. கல்லறையில ஆர்ட்டிஸ்ட் மனுவேல்னு போட்டிருப்பாங்க. இங்க ஊட்டுல அவங்க ஒரு குமிழப் பாத்துப் பாத்து உக்காந்திருப்பாங்க. அத மறைச்சதுக்குப் பேரு பாசம். சரி. மறைச்சுட்டு, அடுத்த வாரமே திரும்ப இந்த ஸ்டூல்ல வந்து உக்காந்தியே, அதுக்குப் பேரு என்ன?

மனுவேல்: ...டக்ளஸ் சாரு பலகை பாதியில நின்னுருச்சு.

தபித்தாள்: மாவு கூடத்தான் பாதியில நிக்குது. அது யாரையும் கொல்லாது.

மனுவேல்: இந்த ஒண்ணு மட்டும் தபி. இந்த மாசக் கடைசியில அவரு வந்து கேப்பாரு. இத முடிச்சுக் குடுத்துட்டு எல்லாத்தையும் மூட்டை கட்டிருவேன்.

தபித்தாள்: இதுல பாத்துச் செய்யறதுன்னு ஒண்ணு இல்லவே இல்லண்ணா. தப்புப் பண்ணினா ஷாக் அடிச்சு விட்டுடற வேல வேற. இதுல ஒரு தடவ தப்பினா ரெண்டாவது தடவ எந்திரிக்க ஆளு இருக்காது. விட்டுரு. இப்பவே.

மனுவேல்: இந்த ஒண்ணு.

தபித்தாள்: சரி. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். டிகிரியெல்லாம் ஓரமா வெச்சுட்டுக் கேக்கறேன், தங்கச்சியாக் கேக்கறேன். எந்திரிச்சுப் போயி, அந்த மூட்டைய நகத்தி, பிளக்கப் பிடுங்கு. பிடுங்கிட்டுக் கிளிப்பத் தொடு. வேற ஒண்ணும் சொல்லல.

மனுவேல்: அம்பது கிலோ மூட்டைம்மா. கையில கட்டு.

தபித்தாள்: நான் பிடிக்கறேன் ஒரு பக்கம்.

மனுவேல்: லோயிஸ்தான் திருப்ப மாட்டேன்னு சொல்லிட்டாளே? இப்பத்தான உன் முன்னாலயே கத்திச் சொன்னேன்? அவ என் பேச்சத் தாண்ட மாட்டா.

தபித்தாள்: லைன் வந்துருச்சுன்னா?

மனுவேல்: இந்தக் காத்துல மரம் விழுந்திருந்தா சாயங்காலம் வரைக்கும் வராது. எனக்குத் தெரியாதா இந்த ஊரு? பொறந்ததுல இருந்து பாக்கறேன்.

தபித்தாள்: அண்ணா. கடைசியாக் கேக்கறேன். பிளக்கு.

மனுவேல்: ரெண்டு நிமிசத்து வேலைக்கு... நகரு நீ. வெளிச்சத்த மறைக்காத.

தபித்தாள்: நான் மறைக்கல.

மனுவேல்: இந்தா. கிளிப்பப் பிடிச்சுட்டேன். பாத்துக்க. பலகையும் இந்தக் கையில. என்னாச்சு? ஒண்ணும் ஆகலியே? செத்துட்டனா? பிசிக்ஸ் டீச்சர் சொல்லுங்க, செத்துட்டனா? ஏய். என்ன, அழறியா? தமாசுக்குச் சொன்னேன் தபி... இங்க பாரு.

தபித்தாள்: அண்ணி, உள்ள வாங்க. தொட்டுட்டாரு. ரெண்டு கையாலயும்.

மனுவேல்: யாரக் கூப்படற? லோயிஸ்... நீ எப்ப இருந்து கதவுக்கிட்ட நிக்கற? மழையில... அது என்ன கையில?

லோயிஸ்: ஃபியூஸ் கட்டைங்க, மூணும். கரண்டு போகலைங்க, ஊருக்கே இருக்குது, நம்ம ஊட்டுல மட்டுந்தான் இல்ல. தபிய நான்தான் வரச் சொன்னேன். அன்னைக்கு நான் குமிழத் திருப்பினதும் நீங்க கத்தினதும் ஒண்ணாத்தானுங்க கேட்டுச்சு, அப்பவே எனக்குத் தெரியும். நீங்க எனக்குத் தெரியக்கூடாதுன்னு பொய் சொன்னீங்க, எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நானும் பாசி வழுக்கின கதையவே ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன். இன்னைக்கு மட்டும் நீங்க அந்தப் பிளக்கப் பிடுங்கியிருந்தீங்கன்னா, சாகற வரைக்கும் அப்படியே சொல்லிட்டு இருந்திருப்பேனுங்க.